மீதி ரெண்டு மார்க் எங்கே?



போன மாதம் ஞாயிறு ஆராதனை முடிந்து, ஹாலில் டீயும் சமோசாவும் போய்க்கொண்டிருந்த நேரம். நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் எங்கள் மேஜைக்கு வந்தார். யுனிவர்சிட்டியில் படித்துக்கொண்டே சூப்பர்மார்க்கெட்டில் பகுதிநேர வேலை பார்ப்பவர். "அக்கா, என்னை ஷிப்ட் லீடர் ஆக்கிட்டாங்க. எனக்குக் கீழே ஆறு பேர். அதுல ரெண்டு பேர் எங்க அப்பா வயசு. நீங்க எல்லாம் ஒரு வார்டையே நடத்துறீங்களே, எப்படிக்கா?" என்று கேட்டார்.

நம் சபையில் எந்த மேஜையைத் தட்டினாலும் இரண்டு நர்சுகள் எழுந்து நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மேஜையிலும் இரண்டு பேர் இருந்தோம். இருவரும் ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில் ஷிப்ட் நடத்துகிறவர்கள். "பொறுமையா இரு தம்பி" என்று சொல்லி, இன்னொரு சமோசாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் மனம் உறுத்தியது. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லவில்லையே! எங்களுக்கு அந்தப் பதில் சுலபமாகக் கிடைக்கவும் இல்லை. ஒரு நோயாளியின் உயிர் ஊசிமுனையில் நின்ற பிறகுதான் கிடைத்தது. அதை இருவருமாகச் சேர்ந்து இங்கே எழுதுகிறோம்.

மேட்ரன் வருகிறார்!

நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள். மேட்ரன் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் எங்கள் வார்டே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். படுக்கை விரிப்பின் மூலை மடிப்பு, மருந்து டிரேயின் ஒழுங்கு, எங்கள் கொண்டை, காலணி என்று எதிலாவது ஒரு குறை கண்டுபிடிக்கப்படும். குறையே இல்லாத நாளில் அவர் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அந்த மௌனம்தான் எங்களுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு.

அந்தப் பயிற்சியைப் பழித்துப் பேசவில்லை. கை கழுவுவதிலிருந்து மருந்தின் பெயரை மூன்று முறை சரிபார்ப்பது வரை இன்றும் எங்களைக் காப்பாற்றுவது அதுதான். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் கற்றுக்கொண்டுவிட்டோம். தலைவர் என்றால் குறை கண்டுபிடிக்கிறவர். எவ்வளவு குறை கண்டுபிடிக்கிறாரோ அவ்வளவு நல்ல தலைவர்.

வீட்டிலும் அதே பாடம்தான். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால், "மீதி ரெண்டு மார்க் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி. அப்பா அம்மாவுக்குப் பெருமை இல்லாமல் இல்லை. அடுத்த வீட்டு அத்தையிடம் நம் மார்க்கைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். நம் முகத்துக்கு நேரே மட்டும் சொல்லமாட்டார்கள். புகழ்ந்தால் பிள்ளைக்குத் தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும் என்ற பயம்.

இந்த இரண்டு பாடங்களையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினோம். ஆங்கிலத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் எழுதி, என்.எச்.எஸ். மருத்துவமனையில் பேண்ட் ஐந்து நர்சாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் பேண்ட் ஆறுக்கு வந்தோம். நீல நிற யூனிஃபார்ம் மாறியது. ஷிப்டின் பொறுப்பு கைக்கு வந்தது. அன்றைக்கே எங்களுக்குள் இருந்த மேட்ரன் எழுந்து நின்றுவிட்டார்.

மருந்து அறையில் பத்து நிமிடம்

எங்கள் வார்டில் வெளிநாட்டிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன ஓர் இளம் நர்ஸ் இருந்தாள். ஒருநாள் காலை ஹேண்டோவர் நேரத்தில், ஒரு நோயாளி குடித்த தண்ணீர், கழித்த சிறுநீர் அளவை முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு அவள் எழுதவில்லை என்று தெரிந்தது. "நாலு மாசம் ஆச்சு, இன்னும் இதுகூடத் தெரியாதா?" என்று பத்துப் பேர் முன்னிலையில் எங்களில் ஒருவர் கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஷிப்ட் தொடங்கியது. எங்களுக்கு அது அத்தோடு மறந்துபோயிற்று.

அன்று மாலை, இரவுச் சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை நோயுள்ள ஒரு முதியவருக்கு இன்சுலின் போட வேண்டும். சார்ட்டில் பதினெட்டு யூனிட் என்று எழுதியிருந்தது. அவரோ பேச்சுவாக்கில், "வீட்டில் நான் எட்டு யூனிட்தான் போட்டுக்கொள்வேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். பெரியவர் அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை. இன்சுலினை இரட்டிப்புக்கு மேல் போட்டால் சர்க்கரை எங்கே போய் நிற்கும் என்று படித்த எவருக்கும் தெரியும். வியர்க்கும், குழம்பும், நினைவு தப்பும். இரவில் தூங்குகிறார் என்று நினைத்து விட்டுவிட்டால் காலையில் எழுப்ப ஆள் இருக்காது.

இன்சுலினை இரண்டாவது நர்ஸ் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் வார்டின் விதி. ஆனால் இரண்டாவது நர்ஸ் பார்ப்பது, சார்ட்டில் உள்ள அளவும் ஊசியில் உள்ள அளவும் ஒன்றா என்றுதான். சார்ட்டே தவறாக இருந்தால்? அதைக் கண்டுபிடிக்க அந்த ஒருத்தியின் சந்தேகம் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு அவள் மருந்து அறையில் பத்து நிமிடம் தனியாக நின்றிருக்கிறாள். பிறகு வந்தாள். "மன்னிக்கணும் சிஸ்டர், ஒண்ணு கேட்கலாமா?" என்று கண்ணைப் பார்க்காமல் கேட்டாள். குடும்ப மருத்துவரின் பதிவைத் திறந்து பார்த்தோம். எட்டு யூனிட்தான். டாக்டரை அழைத்தோம். அவசரத்தில் எழுதிய தவறு என்று ஒப்புக்கொண்டு, மாற்றி எழுதி, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"ஏம்மா, சந்தேகம் வந்ததும் உடனே வரவேண்டியதுதானே?" என்று கேட்டோம். "காலையில ஒரு தடவை ஆயிடுச்சு சிஸ்டர். இன்னொரு தடவை எல்லார் முன்னாடியும் வேண்டாம்னு தோணிச்சு" என்றாள்.

அன்று இரவு பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒரு தராசு. ஒரு தட்டில் அவளுடைய சந்தேகம், மறு தட்டில் அவளுடைய பயம். நடுவில் ஒரு பெரியவரின் உயிர். பயத்தின் தட்டில் காலையில் கல்லை வைத்தவர்கள் நாங்கள். எங்களில் யார் அப்படிக் கேட்டது என்று எழுதவில்லை. இருவரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

களை பறித்த பேராசிரியர்

சில வாரங்கள் கழித்துத் தலைமைத்துவப் பயிற்சி என்று எங்களை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். தலைப்பு: பணியிடத்தில் நேர்மறை உளவியல். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆள் இல்லாத வார்டில் எல்லோரையும் பல்லைக் காட்டச் சொல்லப்போகிறார்கள் என்றுதான் நினைத்துப் போனோம்.

வகுப்பில் கேட்டதும் பிறகு தேடிப் படித்ததும் வேறாக இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மேன் 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தபோது இந்தத் துறையை முன்னிறுத்தினார். உளவியல் இத்தனை ஆண்டுகளாக மனநோயையே அதிகம் ஆராய்ந்தது, மனிதருக்குள் நன்றாக இயங்குவது எது, அதை வளர்ப்பது எப்படி என்பதையும் அதே கவனத்தோடு ஆராய வேண்டும் என்றார். நோயைப் பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. நோயை மட்டும் பார்க்காதே என்றார்.

அவர் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். தோட்டத்தில் அவர் களை பறித்துக்கொண்டிருந்தார். ஐந்து வயது மகள் நிக்கி, பறித்த களையை வானத்தில் வீசி ஆடிப்பாடிக்கொண்டிருந்தாள். இவர் அதட்டினார். குழந்தை போய்விட்டுத் திரும்பி வந்து, 'எனக்கு ஐந்து வயது ஆனதும் சிணுங்குவதை விட்டுவிட முடிவு செய்தேன், விட்டும்விட்டேன். என்னால் அது முடியுமென்றால் உங்களால் சிடுசிடுப்பை விடமுடியாதா?' என்ற பொருளில் கேட்டாளாம். பிள்ளையின் குறையைத் திருத்துவது மட்டும் வளர்ப்பு ஆகாது, அவளுக்குள் இருக்கும் பலத்தைக் கண்டு வளர்ப்பதும் சேர்ந்ததுதான் வளர்ப்பு என்று அன்று புரிந்தது என்கிறார்.

இதே செலிக்மேன் 1960-களில் வேறொன்றுக்காகப் பேர் பெற்றவர். தப்பிக்க வழியே இல்லாமல் மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயற்சி செய்யாமல் படுத்துவிட்டன என்று அவரும் ஸ்டீவன் மையரும் கண்டார்கள். இதைப் படித்தபோது எங்களுக்கு அந்த இளம் நர்ஸின் குனிந்த தலைதான் நினைவுக்கு வந்தது. எது செய்தாலும் திட்டுதான் என்று ஆகிவிட்டால், மனிதர்களும் ஒரு கட்டத்தில் முயற்சியை விட்டுவிடுகிறார்கள். வேலைக்கு வருவார்கள், சொன்னதைச் செய்வார்கள். சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

பாராசிட்டமால் பாராட்டு

சரி, இனிமேல் பாராட்டுவோம் என்று முடிவு செய்தோம். மறுநாள் முதல் ஹேண்டோவர் முடிந்ததும் "எல்லோரும் சூப்பர், வெல் டன், தேங்க் யூ" என்று சொல்ல ஆரம்பித்தோம். ஒரு வாரம் போனது. இருபது வருடமாக அந்த வார்டிலேயே உதவியாளராக வேலை பார்க்கும் ஓர் ஆங்கிலேய அம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "பாராசிட்டமால் மாதிரி எல்லோருக்கும் வேளைக்கு ரெண்டு வெல் டன் கொடுக்கிறீர்கள். யாருக்கு என்ன வலி என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

சுரீர் என்று பட்டது. குறை சொல்லும்போது நாங்கள் எவ்வளவு துல்லியம்! எந்த நோயாளி, எந்தச் சார்ட், எத்தனை மணி என்று சொல்லுவோம். பாராட்டும்போது மட்டும் பொத்தாம்பொதுவாக 'சூப்பர்'. அப்படிப்பட்ட பாராட்டைக் கேட்பவர், 'இவர் என்னைப் பார்க்கவே இல்லை' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பிறகு மாற்றினோம். நாடித்துடிப்பை எண்ணுவதுபோல, நன்றாக நடந்ததையும் கவனித்துக் குறித்துக்கொள்ளப் பழகினோம். யூனிஃபார்ம் பையில் ஒரு சிறு சீட்டு. பாராட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன நடந்தது, நன்றி. "நாலாம் படுக்கைப் பாட்டி ராத்திரி எழுந்து நடக்கப் பார்த்தப்ப, அவங்களை அதட்டிப் படுக்கவைக்காம பாத்ரூம் போகணுமான்னு கேட்டே. அவங்க விழாம இருந்ததுக்கு அதுதான் காரணம். நன்றிம்மா." அவ்வளவுதான். பத்து விநாடி ஆகும். ஆனால் அந்தப் பத்து விநாடி பேச, நாங்கள் அன்று முழுவதும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பொய்யாகவும் சொல்ல முடியாது. நடக்காததைப் பாராட்டினால் வார்டுக்கே தெரிந்துவிடும்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்று பிறகு தெரிந்தது. பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஏட்ரியன் பிளங்கெட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2014-ல் ஒன்றைத் தொடங்கினார்கள். தவறு நடந்தால் சம்பவ அறிக்கை எழுதுகிறோமே, அதுபோல ஒருவர் சிறப்பாகச் செய்ததைப் பார்த்தாலும் அறிக்கை எழுதலாம். எழுதப்பட்டவருக்கு அது போய்ச் சேரும். அதிலிருந்து என்ன கற்கலாம் என்றும் பார்ப்பார்கள். இன்று இங்கே பல மருத்துவமனைகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது. சின்ன யோசனைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். நூறு ஊசி சரியாகப் போட்டு ஒன்றில் தவறினால், அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம். நூறும் எப்படிச் சரியாக நடந்தது என்று கேட்டதே இல்லை.

எங்களுக்காகவும் ஒன்று செய்தோம். செலிக்மேனும் மூன்று பேரும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தினமும் இரவு அன்று நன்றாக நடந்த மூன்றையும் அவற்றின் காரணத்தையும் எழுதியவர்களுக்கு, ஆறு மாதம் வரை மனநிலையில் முன்னேற்றம் தெரிந்தது. பின்னர் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் இத்தகைய பயிற்சிகளின் பலன் முதலில் தெரிந்ததைவிடச் சிறியது என்றார்கள். இருக்கட்டும். பன்னிரண்டரை மணிநேர ஷிப்ட் முடிந்து, தவறிய ஒன்றையே நினைத்துக்கொண்டு தூங்காமல் புரண்ட எங்களுக்கு அந்தச் சிறிய பலனும் போதுமானதாக இருந்தது.

தவறு கூடியதா, பேச்சு கூடியதா?

ஹேண்டோவரில் யாரையும் பத்துப் பேர் முன் கேள்வி கேட்பதை நிறுத்தினோம். தவறு நடந்தால் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதற்குப் பதில், "என்ன நடந்தது, சொல்லு" என்று தொடங்கினோம். கேட்க ஒன்றுபோல் இருக்கும். முதல் கேள்வி ஆளைத் தேடுகிறது. இரண்டாவது காரணத்தைத் தேடுகிறது. சிறுநீர் அளவு ஏன் எழுதப்படவில்லை என்று அப்படிக் கேட்டிருந்தால், அன்று அவள் ஒரே நேரத்தில் இரண்டு பேருடைய நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சில மாதத்தில் எங்கள் வார்டிலிருந்து போகும் சம்பவ அறிக்கைகள் கூடின. மேலாளர் முகம் சுளித்தார். "பாராட்டிப் பாராட்டிக் கெடுத்துவிட்டீர்களா?" என்பதுபோல் பார்த்தார். எங்களுக்கும் பயம்தான்.

இதற்குப் பதில் ஹார்வர்டில் இருந்து கிடைத்தது. ஏமி எட்மண்ட்சன் அங்கே முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, இரண்டு மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்குப் பார்த்தால் தலைகீழ். நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. உற்றுப் பார்த்தபோது அவர் கண்ட விளக்கம், அங்கே தவறு அதிகமாக நடக்கவில்லை, தவறைச் சொல்லப் பயமில்லாததால் அதிகமாக வெளியே வந்தது என்பதே. 1996-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. கேள்வி கேட்கவும் தவறை ஒப்புக்கொள்ளவும் ஒரு குழுவில் இருக்கும் இந்தத் தைரியத்தை 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் அவர் தொடர்ந்து ஆராய்ந்தார்.

எங்கள் வார்டின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தோம். கூடியவற்றில் பெரும்பாலும் நோயாளியை எட்டுவதற்கு முன்பே பிடிபட்டவை. முன்பெல்லாம் மருந்து அறையிலேயே அமுங்கிப்போனவை. மேலாளரிடம் அதைக் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய மேட்ரனின் மௌனம் நினைவுக்கு வந்தது. அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டோம்!

மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி

'பாசிட்டிவ்' என்று பேர் போட்டு வருகிற எல்லாவற்றையும் அப்படியே விழுங்கிவிடாதீர்கள். இதற்கும் ஒரு கதை இருக்கிறது, அதுவும் லண்டன் தொடர்புள்ள கதை.

2005-ல் பார்பரா ஃபிரெட்ரிக்சன், மார்சியல் லொசாடா என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனிதருக்கு ஒரு கெட்ட உணர்வுக்கு 2.9013 நல்ல உணர்வு என்ற அளவைத் தாண்டினால் வாழ்வு மலரும் என்று அதில் கணிதச் சமன்பாடுகளோடு சொல்லியிருந்தார்கள். உலகம் முழுவதும் மேலாளர்களுக்கான வகுப்புகளில் இது பரவியது. ஒரு குறை சொன்னால் மூன்று பாராட்டு சொல்லுங்கள் என்று கற்றுக்கொடுத்தார்கள். கிழக்கு லண்டன் பல்கலைக்கழகத்தில் நேர்மறை உளவியல் முதுகலை வகுப்பில் பகுதிநேர மாணவராகச் சேர்ந்திருந்த நிக் பிரவுன் என்பவருக்கு அந்தக் கணக்கு இடித்தது. மனித மனதுக்கு நான்கு தசம இலக்கத்தில் எல்லையா? இளைஞர் அல்ல அவர், ஐம்பது வயதைத் தொட்டு மறுபடியும் படிக்க வந்தவர். இயற்பியலாளர் ஆலன் சோகல், உளவியலாளர் ஹாரிஸ் ஃப்ரீட்மேன் ஆகியோரின் துணையோடு 2013-ல் அந்தக் கணிதத்துக்கு அடிப்படையே இல்லை என்று காட்டினார். கட்டுரையை வெளியிட்ட இதழ் அந்தக் கணிதப் பகுதியை விலக்கிக்கொண்டது. நல்ல உணர்வுகள் நன்மை செய்கின்றன என்ற பொதுக் கருத்து நின்றது. மாய எண் போய்விட்டது.

ஒரு மாணவர் பேராசிரியர்களைப் பார்த்து "இது சரியா?" என்று கேட்டார். எங்கள் இளம் நர்ஸ் டாக்டர் எழுதிய சார்ட்டைப் பார்த்துக் கேட்டதும் அதே கேள்விதான்.

ஆகவே பாராட்டைக் கணக்கு வைத்துக் கொடுக்காதீர்கள். பாராட்டைக் காட்டி வேறு எதையும் மறைக்கவும் செய்யாதீர்கள். நான்கு பேர் செய்யவேண்டிய வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு, "பாசிட்டிவா இருங்க" என்று சொல்வது கொடுமை. ஆள் போதவில்லை என்றால் மேலே எழுதிக் கேட்பதும், சாப்பாட்டு இடைவேளைக்குப் போகாதவளைக் கையைப் பிடித்து அனுப்பி அவளுடைய நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதும் தலைவரின் வேலை. பசியோடு நிற்பவளுக்கு முதலில் வேண்டியது ஒரு சாண்ட்விச்.

இன்னொரு தவறும் செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறோம். 2004-ல் செலிக்மேனும் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மனித குணபலங்களை இருபத்துநான்காக வகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார்கள். தைரியம், கருணை, விடாமுயற்சி, நகைச்சுவை எல்லாம் அதில் உண்டு. அதைப் படித்துவிட்டு, யாருக்கு எது பலம் என்று பார்த்து வேலை பிரித்தோம். மறதி நோயுள்ள முதியவர்களிடம் பொறுமையாகப் பேசும் ஒருவர் இருந்தார். அவருக்கே தினமும் அந்தப் படுக்கைகளைக் கொடுத்தோம். மூன்றாவது வாரம், "நல்லாச் செய்யறதுக்குத் தண்டனையா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டார். ஒருவருடைய பலத்தைக் கண்டுபிடிப்பது அவர் மேல் சுமையை ஏற்றுவதற்கு அல்ல. இப்போது அவருடன் ஒரு புதியவரைச் சேர்த்து அனுப்புகிறோம். பலம் இரண்டு பேருக்குப் பரவுகிறது, சுமையும் பிரிகிறது.

சூப்பர்மார்க்கெட்டுக்கும் பாடகர் குழுவுக்கும்

இனி, சமோசா கொடுத்து அனுப்பிய தம்பிக்கு எங்கள் பதில்.

தம்பி, உங்கள் ஷிப்டில் அப்பா வயதுள்ள அந்த இருவரிடமும் முதல் வாரம் ஒன்றும் கற்றுக்கொடுக்காதீர்கள். அவர்கள் நன்றாகச் செய்வதைக் கவனியுங்கள். பால் அடுக்கும்போது பழைய தேதியை முன்னால் வைக்கிறவர் யார், கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்துகிறவர் யார் என்று பாருங்கள். பார்த்ததை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். குறை இருந்தால் தனியாக, "என்ன நடந்தது அங்கிள்?" என்று கேளுங்கள். உங்களிடம் தவறு நடந்தால் குழுவின் முன் நீங்களே முதலில் சொல்லுங்கள். தலைவர் தன் தவறைச் சொன்ன இடத்தில்தான் மற்றவர் வாய் திறப்பார்கள். நாங்களும் அந்தக் காலை ஹேண்டோவரில் பேசியதற்காக, அதே ஹேண்டோவரில், அதே பத்துப் பேர் முன் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். சொல்லி முடிக்கும்வரை தொண்டை அடைத்தது. ஆனால் அந்த வாரத்திலிருந்துதான் மற்றவர்களும் எங்களிடம் பேசத் தொடங்கினார்கள்.

இது வேலை இடத்தோடு நிற்கக்கூடாது. கேரல் பயிற்சியில் ஆல்டோ பிசகினால் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறோம். சரியாகப் பாடிய மூன்று பாட்டுக்கு யார் என்ன சொன்னோம்? ஆராதனை முடிந்து நாற்காலி அடுக்குகிற பிள்ளைகள் வாரா வாரம் அடுக்குகிறார்கள். ஒரு வாரம் விட்டுப்போனால்தான் அவர்கள் பெயர் நமக்கு ஞாபகம் வருகிறது. ஐக்கியத் தலைவர்களாக இருக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த கூட்டத்தில் ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி, அவர் செய்ததைச் சொல்லி, அதனால் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லிப் பாருங்கள்.

இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் மார்க் ஷீட்டோடு வருகிறார்கள். அந்தப் பழைய கேள்வி இன்னும் நாக்கு நுனியில் வந்து நிற்கத்தான் செய்கிறது. போன வாரம் கணக்கில் எழுபத்தொன்று. கேள்வியை விழுங்கிவிட்டு, "இதுல எந்தக் கணக்கு கஷ்டமா இருந்தும் போட்டு முடிச்சே?" என்று கேட்டோம். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு கணக்கைக் காட்டியது. பிறகு, நாங்கள் கேட்காமலே, தவறிய இரண்டு கணக்குகளையும் எடுத்துக் காட்டி, "இது ரெண்டும் புரியலம்மா" என்றது.

அந்த இளம் நர்ஸ் இன்னும் எங்கள் வார்டில்தான் இருக்கிறாள். ராஜினாமாக் கடிதம் எழுதி பையில் வைத்திருந்த விஷயத்தை ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாள். இப்போது சில இரவுகளில் அவளே ஷிப்டை நடத்துகிறாள். போன வாரம் நாங்கள் காலையில் பொறுப்பு எடுக்கப் போனபோது, புதிதாக வந்த பையன் ஒருவன் சார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டது சாதாரண விஷயம், அளவு சரியாகத்தான் இருந்தது. அவள் சார்ட்டை முழுவதும் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. சந்தேகம் வந்ததும் போடாம வந்து கேட்டியே, அதுதான் முக்கியம். அடுத்த தடவையும் கேளு" என்றாள். அவன் முகத்தில் இருந்த பதற்றம் போய், ஊசி போடப் போனான்.